புரதமும் கொழுப்பும்: உடல் கூறும் உண்மை

(வெள்ளி விழாக் கல்விக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



இத்தகைய மேடைகளில் சமுதாய வரலாறும் உரிமைப் போராட்டமும் பேசப்படுவதே வழக்கம். சங்கச் செயற்குழுவினரோ நம்மிடம் ஓர் அறிவியல் பொருளைப் பற்றிப் பேசுமாறு கேட்டனர். அவ்வேண்டுகோளை நாம் மிகுந்த மகிழ்ச்சியோடு ஏற்றோம். அறிவியல் வேறு, உரிமை வேறு என்று நாம் கருதவில்லை. தன் உடல் எதனால் ஆனது என்பதை அறிந்தவனை, "நீ தாழ்ந்தவன்" என்று சொல்லி யாரும் எளிதில் ஏமாற்றிவிட முடியாது. ஆகவே புரதம், கொழுப்பு என்னும் இரண்டு பொருள்களின் அமைப்பையும் பணியையும் பற்றி இங்குச் சில கூற விரும்புகிறோம். நம் உடலிலுள்ள நீரை நீக்கிவிட்டால் எஞ்சுவதில் பெரும்பகுதி இவ்விரண்டுமே ஆகும்.

இருபது எழுத்துகள்

புரதம் என்பது ஒரு நீண்ட தொடர். அத்தொடரின் கண்ணிகளுக்கு அமினோ அமிலங்கள் என்று பெயர். ஒவ்வோர் அமினோ அமிலத்திலும் நடுவே ஒரு கரி அணு உண்டு. அதன் ஒரு பக்கம் அமினோ தொகுதியும், மறுபக்கம் அமிலத் தொகுதியும், இன்னொரு பக்கம் ஒரு ஹைட்ரஜன் அணுவும் இணைந்துள்ளன. நான்காவது பக்கத்தில் அமைவது பக்கத்தொடர். இந்தப் பக்கத்தொடர் ஒன்றில்தான் ஓர் அமினோ அமிலம் மற்றொன்றினின்று வேறுபடுகிறது.

நம் பொன்மலைப் பணிமனையில் இரயில் பெட்டிகள் இருப்பதைக் கண்டிருப்பீர்கள். பெட்டிக்குள் என்ன இருப்பினும், பெட்டிகளைக் கோக்கும் கொக்கி ஒரே மாதிரியானது. அதுபோலவே ஓர் அமினோ அமிலத்தின் அமிலத் தொகுதியும் அடுத்ததன் அமினோ தொகுதியும் ஒரு நீர் மூலக்கூற்றை வெளியேற்றிவிட்டு இணைகின்றன. இவ்விணைப்பே பெப்டைடு பிணைப்பு எனப்படும்.

புரதங்களை ஆக்கும் அமினோ அமிலங்கள் பொதுவாக இருபது. இருபது எழுத்துகளைக் கொண்டு இயற்கை எழுதிய நூலே உயிர் எனலாம். கணையத்தில் சுரக்கும் இன்சுலின் 51 அமினோ அமிலங்களால் ஆனது. அவற்றின் வரிசை முழுவதையும் ஆங்கில அறிஞர் பிரெடெரிக் சாங்கர் 1955-இல் கண்டறிந்து முடித்தார். இரத்தத்திற்குச் செந்நிறம் தரும் ஹீமோகுளோபினில் நான்கு தொடர்கள், மொத்தம் 574 அமினோ அமிலங்கள்.

தொடர் நீட்டிய நூலாகக் கிடப்பதில்லை. அது சுருள்கிறது, மடிகிறது, பந்துபோலத் திரள்கிறது. அவ்வடிவமே அதன் பணியைத் தீர்மானிக்கிறது. முட்டையை வேகவைத்தால் வெண்கரு இறுகுகிறது.   வெப்பத்தாலோ அமிலத்தாலோ புரதம் தன் மடிப்பை இழந்துவிடுகிறது. அமினோ அமிலங்களின் வரிசை அப்படியே இருந்தும், வடிவம் கெட்டதால் புரதம் தன் வேலையைச் செய்ய இயலாமற் போகிறது.

புரதங்கள் செய்யும் பணிகளோ பலப்பல. உண்ட உணவைச் செரிக்கும் நொதிகள் புரதங்கள். மூச்சுக்காற்றைச் சுமக்கும் ஹீமோகுளோபின் புரதம். நோய்க் கிருமியை எதிர்க்கும் எதிர்ப்பொருள்கள் புரதங்கள். தசையைச் சுருக்கி விரிக்கும் இழைகளும், முடியும் நகமும் புரதங்களே.

வரிசையில் ஓர் எழுத்துப் பிழையானால் என்ன ஆகும்? ஹீமோகுளோபினின் பீட்டாத் தொடரில் 146 அமினோ அமிலங்கள் உள்ளன. அவற்றுள் ஆறாம் இடத்தில் குளூட்டாமிக் அமிலத்திற்குப் பதிலாக வேலின் வந்தமைந்தால் சிவப்பணு அரிவாள் போல் வளைகிறது. தாய் தந்தை இருவர் வழியிலும் இம்மாற்றத்தைப் பெற்ற குழந்தைக்கு அரிவாளணுச் சோகை என்னும் கொடிய நோய் உண்டாகிறது. இதனை வெர்னான் இங்கிராம் என்பார் 1956-57 ஆண்டுகளில் விளக்கிக் காட்டினார். ஓர் அமினோ அமிலத்தின் மாற்றத்தையும் கண்டுபிடிக்கும் அளவுக்கு நுட்பமான அறிவியல் இது. இத்தனை நுட்பமாகத் தேடியும், உயர்ந்த சாதிக்கென ஒரு புரதம், தாழ்ந்த சாதிக்கென ஒரு புரதம் என எதனையும் இந்த அறிவியல் கண்டதில்லை.

திருப்பாணாழ்வாரின் கதையை இவ்வூரில் அறியாதார் இல்லை. உறையூரில் பாணர் குலத்தில் வளர்ந்த அவர் காவிரிக் கரையில் நின்றபோது, வழிவிடவில்லை என்று உலோகசாரங்க முனிவர் கல்லெறிந்ததாகவும், நெற்றியில் குருதி வழிந்ததாகவும், பின்னர் அம்முனிவரே அவரைத் தோளில் சுமந்து திருவரங்கக் கோயிலுக்குள் கொண்டுசென்றதாகவும் வைணவ மரபு கூறுகிறது. எறிந்தவர் உடலில் ஓடிய குருதியிலும், அடிபட்டவர் நெற்றியில் வழிந்த குருதியிலும் அதே நான்கு தொடர்கள், அதே 574 அமினோ அமிலங்கள். இதனை அறிய அன்று ஆய்வுக்கூடம் இல்லை, இன்று இருக்கிறது.

தோலுக்குள் ஒரு முப்புரி

புரதங்களுள் நம் சமுதாயத்தோடு நெருங்கிய தொடர்புடையது ஒன்று உண்டு. அதன் பெயர் கொலாஜன். தோல், எலும்பு, தசைநாண், குருத்தெலும்பு ஆகியவற்றுக்கு உறுதி தருவது இதுவே. உடலிலுள்ள மொத்தப் புரதத்தில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை கொலாஜனே ஆகும்.

நம் முன்னோருள் பலர் தோல் தொழில் செய்தவர்கள். பச்சைத் தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்தனர்; மயிர் கழன்றது. ஆவாரம்பட்டைச் சாற்றிலும் கடுக்காய்ச் சாற்றிலும் ஊறவைத்தனர். அழுகும் தோல் அழியாத் தோலாயிற்று. இதில் நிகழ்ந்தது என்ன? மயிர் என்பது கெராட்டின் என்னும் வேறொரு புரதம். சுண்ணாம்பின் காரம் அதன் பிணைப்புகளைச் சிதைக்கிறது. கொலாஜன் இழைகளோ தாங்கி நிற்கின்றன. பட்டையிலும் காயிலும் உள்ள துவர்ப்புப் பொருள் கொலாஜன் இழைகளுக்கு இடையே புகுந்து அவற்றைப் பிணைத்துவிடுகிறது. அதனால் நுண்ணுயிர்கள் அவற்றை எளிதில் அரிக்க முடிவதில்லை. பறையடிக்கும் முன் அதனைத் தீயில் காய்ச்சுவதும் இக்காரணம் பற்றியே. ஈரத்தை ஏற்ற கொலாஜன் இழை தளரும். காய்ந்த இழை விறைத்து ஓசை எழுப்பும். பெயர் தெரியாமலே அப்புரதத்தின் குணங்களையெல்லாம் நம் முன்னோர் கைப்பழக்கத்தால் அறிந்திருந்தனர். அந்த அறிவுக்கு உலகம் கொடுத்த பட்டம் "தீட்டு" என்பதுதான்.

இனி, அந்தக் கொலாஜனின் உள்ளமைப்பைக் கண்டறிந்த வரலாற்றைக் கேளுங்கள். அவ்வரலாறு நம் திருச்சிராப்பள்ளியோடு தொடர்புடையது.

கோ. நா. இராமச்சந்திரன் 1922-இல் எர்ணாகுளத்தில் பிறந்தவர். நம் தெப்பக்குளத்திற்கு அருகேயுள்ள தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் பயின்று, 1942-இல் பட்டம் பெற்றவர். பின்னர்ப் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் மின்பொறியியல் மாணவராகச் சேர்ந்தார். திருவானைக்காவில் பிறந்து நோபல் பரிசு பெற்ற சர் சி. வி. இராமன், அவரை இயற்பியல் துறைக்கு ஈர்த்துக்கொண்டார். கேம்பிரிட்ஜ் சென்று திரும்பிய இராமச்சந்திரன், 1952-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியரானார். அப்போது அவருக்கு வயது முப்பதை ஒட்டியது.

அந்நாளில் உலகின் பெரும் ஆய்வுக்கூடங்கள் பலவும் கொலாஜனின் வடிவத்தைத் தேடிக்கொண்டிருந்தன. சென்னையில் அவருடைய ஆய்வுக்கூடத்திற்கு அண்மையில் 1948-இல் நிறுவப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருந்தது. ஆய்வுக்கு வேண்டிய கொலாஜன் அங்கிருந்து கிடைத்தது. இராமச்சந்திரனும் அவருடன் பணியாற்றிய கோபிநாத் கர்த்தாவும் அதன்மீது எக்ஸ் கதிரைச் செலுத்திப் படம் எடுத்து ஆராய்ந்து, 1954-இல் தம் முடிவை வெளியிட்டனர். அடுத்த ஆண்டே அதனை மேலும் திருத்தமாக்கினர். கொலாஜன் மூன்று தொடர்கள் முறுக்கிய முப்புரிச் சுருள் என்பதே அம்முடிவு.

கயிறு திரிப்பவர்களுக்கு இவ்வமைப்பு எளிதில் விளங்கும். புரியை ஒரு பக்கமாக முறுக்கி, புரிகளைச் சேர்க்கும்போது எதிர்ப்பக்கமாக முறுக்கினால்தான் கயிறு பிரியாது நிற்கும். கொலாஜனிலும் ஒவ்வொரு தொடரும் இடப்பக்கமாகச் சுருண்டிருக்கிறது; மூன்றும் சேர்ந்து வலப்பக்கமாக முறுக்கிக்கொள்கின்றன. மூன்று புரிகளும் நெருங்கும் நடுப்பகுதி மிகக் குறுகியது. அங்கே மிகச் சிறிய அமினோ அமிலமாகிய கிளைசின் மட்டுமே அமர முடியும். ஆகவேதான் தொடரில் ஒவ்வொரு மூன்றாம் இடத்திலும் கிளைசின் வருகிறது. இம்முறுக்கு உறுதிப்பட வைட்டமின் சி வேண்டும். அது குறைந்தால் ஈறு வீங்கி இரத்தம் கசியும். ஆறிய புண்ணும் மீண்டும் திறக்கும். நெல்லிக்காயும் கொய்யாவும் இதற்கு எளிய மருந்து.

முப்புரி என்றதும் உங்கள் நினைவுக்கு வருவது எது என்பதை நாம் அறிவோம். தோளின்மேல் அணியும் முப்புரி நூல் சிலர்க்கே உரியது என்றனர். தோலின் உள்ளே இயற்கை அணிவித்த முப்புரி, திருவரங்கத்து அர்ச்சகர்க்கும் உண்டு. தெருக்கூட்டும் தொழிலாளிக்கும் உண்டு. செத்த மாட்டின் தோலிலும் உண்டு. இதனை யாரையும் இழித்துரைக்கும் பொருட்டு நாம் கூறவில்லை. நம்மை இழிந்தோர் என்று நாமே நம்பிவிடலாகாது என்பதற்காகவே கூறுகிறோம்.

இராமச்சந்திரன் அத்துடன் நிற்கவில்லை. சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் 1963-இல் அவர் வெளியிட்ட வரைபடம், புரதத் தொடர் எந்தெந்தக் கோணங்களில் திரும்ப இயலும், எவற்றில் இயலாது என்பதைக் காட்டியது. 2024-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு, புரத வடிவங்களைக் கணிப்பொறியால் வடிவமைத்தவர்க்கும் முன்கணித்தவர்களுக்கும் கிடைத்தது. கணித்த வடிவம் சரியா என்று பார்ப்பதற்கு இன்றும் இராமச்சந்திரன் வரைபடத்தை எடுத்து வைக்கின்றனர். நம் ஊர்க் கல்லூரியில் படித்து எழுந்த ஒருவரின் பெயர், உலகில் புரத ஆய்வு நடக்கும் இடமெல்லாம் வழங்குகிறது.

நீரோடு சேராத பொருள்

இனிக் கொழுப்புப் பொருள்களுக்கு வருவோம். அறிவியலார் இவற்றை லிப்பிடுகள் என்பர். நீரில் கரையாமை இவற்றின் பொதுக் குணம். எண்ணெய், நெய், மெழுகு, கொலஸ்டிரால் எல்லாம் இக்குடும்பமே.

நாம் உண்ணும் எண்ணெயின் ஒரு மூலக்கூற்றில், கிளிசரால் என்னும் முதுகெலும்பில் மூன்று கொழுப்பு அமிலங்கள் வால்போலத் தொங்குகின்றன. மார்கழி விடியலில் தேங்காய் எண்ணெய் உறைந்திருக்க, நல்லெண்ணெய் உறையாமல் இருப்பதேன்? தேங்காய் எண்ணெயின் வால்கள் பெரும்பாலும் நேரானவை. அடுக்கிய விறகுபோல் நெருங்கிப் படிந்து, ஏறத்தாழ 24 பாகை வெப்பத்துக்குக் கீழே இறுகிவிடுகின்றன. இவை நிறைவுற்ற கொழுப்புகள். நல்லெண்ணெயின் வால்களில் பல, இரட்டைப் பிணைப்பு உள்ள இடத்தில் வளைந்துள்ளன. கோணல் விறகு நெருங்கி அடுக்காதது போல் அவை இறுகுவதில்லை. இவை நிறைவுறாக் கொழுப்புகள்.

ஒரு கிராம் கொழுப்பு ஏறத்தாழ 9 கலோரி ஆற்றல் தருகிறது; மாவுப்பொருளும் புரதமும் 4 கலோரியே தருகின்றன. ஆற்றலைச் சேமித்து வைப்பதற்கு உடல் கொழுப்பைத் தேர்ந்தெடுத்த காரணம் இதுவே. மேலும், ஏ, டி, இ, கே வைட்டமின்கள் கொழுப்பில் கரைபவை. முருங்கைக்கீரையைச் சிறிது எண்ணெய் விட்டுச் சமைத்தால்தான் அதன் சத்து கண்ணுக்கு உதவும். மூளையின் உலர் எடையில் ஏறத்தாழப் பாதி கொழுப்புப் பொருள்களே. கொலஸ்டிராலைக் கண்டு அஞ்சுவோர் பலர். அது மிகுந்தால் இரத்தக் குழாயில் படிந்து கேடு செய்வது உண்மை. எனினும் உயிரணுவின் சவ்வுக்கும், சில ஹார்மோன்களுக்கும், வைட்டமின் டி உண்டாவதற்கும் அது இன்றியமையாதது. அளவே மருந்தாகவும் நஞ்சாகவும் ஆகிறது.

மதிலும் வாயிலும்

லிப்பிடுகளின் தலையாய பணி ஒன்று உண்டு. திருவரங்கம் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே அமைந்த தீவு. நம் ஒவ்வோர் உயிரணுவும் அத்தகைய தீவே. அதன் வெளியிலும் நீர், உள்ளேயும் நீர். இரண்டும் கலந்துவிட்டால் உயிர் இல்லை. கலவாமல் காப்பது பாஸ்போலிப்பிடு என்னும் கொழுப்புப் பொருளால் ஆன சவ்வு. இம்மூலக்கூற்றின் தலை நீரை நாடும். இரு வால்களும் நீரை வெறுக்கும். ஆகவே அவை இரண்டு வரிசையாக நின்று, தலைகளை வெளிநீருக்கும் உள்நீருக்கும் காட்டி, வால்களை நடுவே மறைத்துக்கொள்கின்றன. ஒரு மில்லிமீட்டரை இரண்டு இலட்சம் கூறாக்கினால் வரும் ஒரு கூற்றின் கனமே அந்த மதிலுக்கு உண்டு. இவ்விரட்டை அடுக்கை 1925-இல் ஹாலந்து நாட்டு ஆய்வாளர்களாகிய கோர்ட்டர், கிரெண்டல் ஆகியோர் எடுத்துரைத்தனர்.

மதில் மட்டும் இருந்தால் உள்ளிருப்போர் பட்டினியால் மடிவர். ஏழு திருச்சுற்று மதில்களுக்குக் கோபுர வாயில்கள் இருப்பது போல, இக்கொழுப்பு மதிலில் ஆங்காங்கே புரத வாயில்கள் உள்ளன. சர்க்கரைக்கு ஒரு வாயில், உப்புக்கு ஒரு வாயில், தண்ணீருக்கென்றே ஒரு வாயில். தண்ணீர் வாயிலைக் கண்டறிந்த பீட்டர் ஆக்ரே 2003-இல் நோபல் பரிசு பெற்றார். கல் மதில் போலன்றி இம்மதில் அசையும். புரதங்கள் அதில் மிதந்து நகரும். இதனை 1972-இல் சிங்கரும் நிக்கல்சனும் எடுத்துக் காட்டினர்.

குளத்து நீரைத் தொடும் உரிமைக்காக 1927-இல் மகாடில் போராடிய அண்ணல் அம்பேத்கரின் வழிவந்தவர்கள் நாம். கோயில் வாயிலுக்குள் நுழைவதற்கு 1939-இலும் 1947-இலும் சட்டங்கள் இயற்ற வேண்டியிருந்த நாட்டைச் சேர்ந்தவர்கள் நாம். உயிரணுவின் வாயிலும் காவல் உடையதே. எல்லாவற்றையும் அது உள்ளே விடுவதில்லை. ஆனால் உயிர்க்கு எது வேண்டும் என்பதொன்றே அக்காவலின் கணக்கு. வேண்டியவற்றுக்கு வாயிலை அடைத்துக்கொண்ட அணு மாண்டுபோகிறது. வாயிலை அடைத்துக்கொண்ட சமுதாயமும் அவ்வாறே ஆகும்.

தட்டில் இருக்க வேண்டியவை

உண்ட புரதம் அப்படியே உடலில் சேர்வதில்லை. இரைப்பையில் பெப்சினும், சிறுகுடலில் டிரிப்சின் முதலிய நொதிகளும் அதனைத் துண்டு துண்டாக வெட்டி, இறுதியில் அமினோ அமிலங்களாக்குகின்றன. குடற்சுவரைக் கடக்கும்போது அவை பருப்பிலிருந்து வந்தவையா, பாலிலிருந்து வந்தவையா, கருவாட்டிலிருந்தோ நத்தையிலிருந்தோ மாட்டிறைச்சியிலிருந்தோ வந்தவையா என்னும் அடையாளம் எதுவும் அவற்றுக்கு இல்லை. நம் முன்னோர் வயலிலும் வாய்க்காலிலும் கிடைத்த நண்டையும் நத்தையையும் உண்டு உயிர் காத்தனர். அதற்காக அவர்கள் ஏசப்பட்டனர். அதற்காக நாம் நாண வேண்டியதில்லை. அவை அவர்களுக்குக் கிடைத்த நல்ல புரதம். இறைச்சி உண்ணாதவர்களையும் நாம் குறை கூறவில்லை. அவர்களும் பருப்பாலும் பாலாலும் அதே அமினோ அமிலங்களைப் பெறுகின்றனர்.

இருபதில் ஒன்பது அமினோ அமிலங்களை நம் உடல் ஆக்கிக்கொள்ள இயலாது, உணவிலிருந்தே பெறவேண்டும். அரிசியில் லைசின் குறைவு. பருப்பில் மெத்தியோனின் குறைவு. இரண்டையும் சேர்த்து உண்டால் ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்பும். அரிசியும் உளுந்தும் சேர்ந்த இட்டலி, அரிசியும் பயறும் சேர்ந்த பொங்கல், சாம்பார் சாதம் ஆகியன இவ்வகையில் சிறந்த உணவுகள். வெறுஞ்சோறும் ஊறுகாயும் வயிற்றை நிரப்பும், உடலைக் கட்டா. வளர்ந்தவர்க்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.8 கிராம் புரதம் தேவை; வளரும் பிள்ளைகளுக்கும் கருவுற்ற தாய்மார்களுக்கும் இன்னும் கூடுதலாக வேண்டும். ஒரு கோழிமுட்டையில் சுமார் 6 கிராம் புரதம் உள்ளது. ஒரு கைப்பிடி வேர்க்கடலையும் ஏறக்குறைய அந்த அளவு தரும்.

காமராசர் ஆட்சியில் 1956-இல் பரவிய மதிய உணவுத் திட்டத்தையும், எம்.ஜி.ஆர். அவர்கள் 1982 சூலை முதல் நாள் நம் திருச்சி மாவட்டத்துப் பாப்பாக்குறிச்சியில் தொடங்கிவைத்த சத்துணவுத் திட்டத்தையும் நன்றியோடு நினைக்க வேண்டும். 1989-இல் கலைஞர் ஆட்சியில் முட்டையும் அதில் சேர்ந்தது. தட்டேந்தி வரிசையில் நின்று உண்டு படித்த தலைமுறையினர் நாம். அவ்வுணவு பிச்சையன்று, எழுத்தறிவுக்கு இட்ட அடித்தளம். ஆகவே பிள்ளைகளைச் சத்துணவு உண்ண வேண்டாம் என்று தடுக்கும் பெற்றோரை நாம் அன்போடு கேட்டுக்கொள்கிறோம்: முட்டை தரும் புரதத்தை வெட்கத்துக்குப் பலியிடாதீர்கள்.

எண்ணெயிலும் எச்சரிக்கை தேவை. பயன்படுத்திய எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சுவது தீது. வனசுபதி போன்றவற்றில் உண்டாகும் மாறுபக்கக் கொழுப்பு இதயத்துக்குப் பகை. அதனை நூற்றுக்கு 2 பங்குக்கு மேற்படாமல் கட்டுப்படுத்தும் விதி 2022 சனவரியில் நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது. வேலைக்குப் போகும் இளைஞர்கள் மாலைதோறும் வறுத்த பண்டங்களுக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பகுதியைக் கடலைக்கும் முட்டைக்கும் பயறுக்கும் செலவிட்டால் உடலும் தேறும், கையிருப்பும் மிஞ்சும்.

இளைஞர்களுக்கு ஒரு சொல்

இறுதியாக ஒன்று. பத்தாம் வகுப்புத் தேறியதும் நம் பிள்ளைகளுள் பலர், "அறிவியல் பிரிவு நமக்கு வராது" என்று ஒதுங்கிவிடுவதை ஆசிரியப் பணியில் நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். பிள்ளை தயங்குமுன் வீட்டார் தயங்குகின்றனர். சில வேளைகளில் ஆசிரியரே தயங்கச் செய்துவிடுகின்றனர். "வராது" என்பது மூளையின் தீர்ப்பன்று. அந்த மூளையும் அதே கொழுப்பாலும் அதே புரதத்தாலும் ஆனதே. வருவதற்கு வேண்டுவன மூன்று: வயிற்றுக்குச் சத்தான உணவு, கையில் நூல், அருகில் வழிகாட்ட ஒருவர். முதலாவதைப் பெற்றோர் கவனிக்கட்டும். மற்ற இரண்டையும் சங்கம் கவனிக்கலாம். மாலை நேரப் படிப்பு மையத்தில் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு அறிவியல் நூல்களை ஒரு பேழையில் வைக்க வேண்டும். கல்லூரியில் அறிவியல் பயிலும் நம் இளைஞர்கள் வாரம் ஒரு மாலை அங்கு வந்து தம்பி தங்கைகளுக்குக் கற்பிக்க வேண்டும். அரசின் கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பம் எழுதித் தரவும் அவர்களே போதும். வெள்ளி விழாவின் நினைவாக இவ்வொரு பணியைத் தொடங்குமாறு செயற்குழுவினரைக் கேட்டுக்கொள்கிறோம்.

நம் பாட்டன்மார் கொலாஜனைக் கையால் அறிந்தனர். அதன் உள்ளமைப்பை எழுதி வைக்கும் வாய்ப்பு அவர்களுக்கு அளிக்கப்படவில்லை. கல்லூரிக் கதவு திறந்திருந்த ஒருவர் அதனை எழுதினார், உலகம் அவரைப் போற்றியது, நாமும் போற்றுகிறோம். இன்று அக்கதவு நமக்கும் திறந்திருக்கிறது. தோலைத் தொட்ட கை நூலைத் தொடட்டும், நுண்பெருக்கியையும் தொடட்டும்.